கற்பிட்டி தந்த அறிஞர் சைமன் காசிச்செட்டி



ஆண்டுதோறும் தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு உங்களில் பலர் யாத்திரை போய் வருகிறீர்கள். பாலாவிச் சந்தியில் திரும்பி, களப்பும் தென்னையும் மணலுமாக நீளும் பாதையிலே போகிறீர்கள். அன்னம்மாளை வணங்கி, நேர்த்திக்கடன் செலுத்தி, கடலிலே கால் நனைத்து வீடு திரும்புகிறீர்கள். அதே பாதையில் இன்னும் சில கட்டை தூரம் சென்றிருந்தால் கற்பிட்டியை அடைந்திருப்பீர்கள். ஒல்லாந்தர் கட்டிய கோட்டை ஒன்று அங்கே களப்பைப் பார்த்தபடி நிற்கின்றது. அந்தச் சிற்றூரிலே பிறந்த ஒருவர், இலங்கைத் தீவின் ஊர்களையும் குலங்களையும் வழக்கங்களையும் தேடித் தேடி எழுதி வைத்தார். அவர் பெயர் சைமன் காசிச்செட்டி. தமிழ் படித்தவர்கள் அவரைத் தமிழ் புளூட்டாக் என்னும் நூலின் ஆசிரியராக அறிவர். அவரை ஈன்ற புத்தளக் கரையிலோ அவருடைய பெயரைக் கேட்டிராத பிள்ளைகள் அநேகர். ஆகையால் இவ்வாரம் அவருடைய வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறோம்.

பிறந்த காலமும் பிறந்த மண்ணும்

காசிச்செட்டி 1807ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆந் திகதி கற்பிட்டியிலே பிறந்தார். தென்னிந்தியாவிலிருந்து வணிகத்தின் பொருட்டு இலங்கைக்கு வந்து குடியேறிய செட்டி மரபைச் சேர்ந்தது அவருடைய குடும்பம். இன்று கொழும்புச் செட்டிகள் என்று அழைக்கப்படும் சமூகம் அதுவே.

அவர் பிறப்பதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்னர்தான், அதாவது 1795இல், ஆங்கிலேயர் கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியிருந்தனர். ஒல்லாந்தருக்கு முன்னர் போர்த்துக்கேயர் அங்கே இருந்தனர். களப்புக்கு அக்கரையில் இருந்த புத்தளமோ நெடுங்காலம் கண்டி அரசனின் துறைமுகமாக விளங்கியது. ஒல்லாந்தர் கத்தோலிக்க வேதத்தைத் தடைசெய்திருந்த நாட்களில், 1687இல் இலங்கைக்கு வந்த புனித யோசேவ் வாஸ் அடிகளார் புத்தளத்துக் கத்தோலிக்கரிடையே பணியாற்றியதும், அங்கிருந்து கண்டி இராச்சியத்துக்குள் புகுந்ததும் நீங்கள் அறிந்த வரலாறே.

இவ்வாறு ஆட்சிகள் மாறி மாறி வந்த கரையிலே பல மக்கள் அருகருகே வாழ்ந்தார்கள். முக்குவர் இருந்தனர். கரையார் இருந்தனர். பரதவர் எனப்படும் பரவர் இருந்தனர். களப்பிலும் கடலிலும் ஓடம் விட்டு வணிகம் செய்த சோனகர் இருந்தனர். செட்டிகள் இருந்தனர். உள்நாட்டுப் பக்கத்தில் சிங்களக் கிராமங்கள் இருந்தன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் படைவீரராகக் கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்களும் இந்தப் பகுதியிலேயே தங்கிவிட்டனர். புத்தளத்துக்கு அண்மையில் சிரம்பியடியில் அவர்களுடைய சந்ததியார் இன்றும் வாழ்கின்றனர். போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் அவர்கள் பாடும் மாஞ்சாப் பாட்டுகள் அறிஞர்களைத் தேடி வரச் செய்கின்றன.

இத்தனை மொழிகளும் வேதங்களும் ஒரே சந்தையில் கலந்து நிற்கும் ஊரிலே வளரும் பிள்ளைக்கு இரண்டு வழிகள் உண்டு. தன் வீட்டு வழக்கமே உலகம் என்று எண்ணிக் காலத்தைப் போக்கலாம். அல்லது, அயல் வீட்டார் ஏன் வேறு விதமாகத் திருமணம் செய்கிறார், ஏன் வேறு விதமாகச் சொத்தைப் பிரிக்கிறார் என்று கேட்கத் தொடங்கலாம். காசிச்செட்டி கேட்கத் தொடங்கினார்.

உத்தியோகமும் ஆராய்ச்சியும்

அவர் தமிழையும் ஆங்கிலத்தையும் நன்கு கற்றார். சிங்களம், வடமொழி, போர்த்துக்கேயம், ஒல்லாந்தம் முதலியவற்றிலும் பயிற்சி பெற்றவர் என்பர். இளமையிலேயே அரசாங்க சேவையில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து, பின்னர் முதலியாராகவும் புத்தளப் பகுதியின் மணியகாரராகவும் உயர்ந்தார்.

வாசகரே, மணியகாரர் என்பவர் வெறும் வரி வசூலிப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். காணித் தகராறு, முதுசச் சொத்து, சீதனம், கோயில் உரிமை, மீன்பாடு, உப்பு ஆகிய எல்லாம் அவர் முன்னிலையில் வந்து நிற்கும். ஒவ்வொரு குலத்தாரும் தங்கள் வழக்கம் இன்னதென்று சொல்லி நியாயம் கேட்பார்கள். அந்த வழக்கங்களை அறியாதவன் நீதி வழங்க முடியாது. மற்ற உத்தியோகத்தர்கள் கோப்பை மூடியதும் மறந்துவிடும் செய்திகளைக் காசிச்செட்டி குறித்து வைத்தார். ஏட்டுச் சுவடிகளைச் சேர்த்தார்.

1834ஆம் ஆண்டு அவருடைய சிலோன் கசற்றியர் என்னும் பெருநூல் கோட்டையில் இருந்த சேர்ச் மிசன் அச்சகத்தில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 27. கசற்றியர் என்பது ஊர்களின் அகராதி. சொல் அகராதியில் சொற்கள் அகர வரிசையில் நிற்பதுபோல, இதிலே ஊரும் ஆறும் குளமும் துறைமுகமும் ஆங்கில எழுத்து வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றின் கீழும் அதன் இருப்பிடம், விளைபொருள், மக்கள், கோயில்கள், பழைய கதைகள் முதலியன சொல்லப்படும். நாடு முழுவதையும் தழுவிய இத்தகைய நூலை எழுதுவதற்கு வெள்ளைக்கார உத்தியோகத்தர்களே தகுதியுள்ளவர்கள் என்று கருதப்பட்ட காலம் அது. அந்தக் காலத்திலே கற்பிட்டித் தமிழர் ஒருவர் அதைச் செய்து முடித்தார்.

அயலாரைப் பற்றி எழுதியவர்

இலண்டனில் 1823இல் நிறுவப்பட்ட றோயல் ஆசியச் சங்கம், கிழக்கு நாடுகளைப் பற்றிய ஆராய்ச்சிகளை வெளியிட்டு வந்தது. அதன் சஞ்சிகையில் இலங்கைச் சோனகரின் பழக்கவழக்கங்களைப் பற்றிக் காசிச்செட்டி எழுதிய கட்டுரை 1836இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலேயே பரவர்களின் தோற்றத்தையும் வரலாற்றையும் பற்றிய அவருடைய கட்டுரையும் அதே சஞ்சிகையில் வந்தது.

பரவர் குலம் நம் கத்தோலிக்க வாசகர்களுக்கு அந்நியமானதன்று. முத்துக்குளித்துறையிலே 1530களில் திரளாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவர்கள். 1542இல் இந்தியாவுக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் அவர்கள் நடுவிலேதான் தமிழில் செபங்களைக் கற்பித்தார். கடல் கடந்து இலங்கைக் கரையிலும் பரவிய அந்தக் குலத்தார் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட தோற்றக் கதைகளை இலண்டன் அறிஞர்கள் படிக்கும்படி செய்தவர் காசிச்செட்டி.

முக்குவரைப் பற்றியும் அவர் எழுதினார். புத்தளத்து முக்குவருக்குத் தனி வழக்கங்கள் இருந்தன. அவர்களுடைய தலைவர்கள் முத்திரைக்கூடம் என்ற மன்றத்திலே கூடி வழக்குகளைத் தீர்த்த மரபு இருந்தது. அவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர். இஸ்லாத்தைத் தழுவியோரும் இருந்தனர். ஒரே குலத்தின் கிளைகள் வெவ்வேறு வேதங்களில் தழைத்த இந்தச் செய்தி, இன்று ஒருவரையொருவர் அந்நியராகப் பார்க்கும் நமக்கு மிகவும் தேவையானது.

இலங்கையிலே றோயல் ஆசியச் சங்கத்தின் கிளை 1845இல் தொடங்கப்பட்டபோது, அதிலும் காசிச்செட்டியின் கட்டுரைகள் இடம்பெற்றன. யாழ்ப்பாண வரலாற்றைப் பற்றி எழுதினார். சிங்கள சமுதாயத்திலே தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட ரொடியர்களைப் பற்றி எழுதி, அவர்களுடைய மொழியின் சொற்களையும் தொகுத்துக் கொடுத்தார். ஊருக்குள் வரக்கூடாது என்று துரத்தப்பட்டவர்களின் சொற்களும் எழுதி வைக்கத் தகுந்தவை என்று ஒரு முதலியார் கருதியதை எண்ணிப் பாருங்கள்.

இவை எல்லாம் நடந்த காலத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஜெர்மனியிலே கிறிம் சகோதரர்கள் தங்கள் நாட்டுக் கதைகளின் முதற்பாகத்தை வெளியிட்டது 1812இல். பின்லாந்து நாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களிலிருந்து கலேவலா என்ற காவியம் தொகுக்கப்பட்டது 1835இல். யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டது 1842இல். நாட்டாரியல் என்று இன்று நாம் சொல்லும் கல்விக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டானதே 1846இல்தான். அதற்கு முன்னரே நம் கற்பிட்டிக்காரர் மக்கள் வழக்கங்களைப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார்.

சட்டசபையிலும் நீதிமன்றத்திலும்

1838இல் காசிச்செட்டி சட்டநிரூபண சபையிலே தமிழரின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். 1845 வரை அப்பதவியை வகித்துப் பின்னர் சிவில் சேவையிலே சேர்ந்தார். கற்பிட்டியில் நீதவானாகவும் பின்பு சிலாபத்தில் நீதிபதியாகவும் கடமையாற்றினார். ஆக, தாம் பிறந்த கரையை விட்டு அவர் நெடுந்தூரம் போகவில்லை. அவருடைய எழுத்துக்கு வேண்டிய மக்கள் அவரைச் சுற்றியே இருந்தார்கள்.

1841ஆம் ஆண்டில் உதயாதித்தன் என்ற தமிழ் இதழையும் அவர் நடத்தினார். யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிசனார் உதயதாரகையைத் தொடங்கியதும் அதே ஆண்டிலேதான். உதயதாரகை நீண்ட காலம் ஒளி வீசியது. உதயாதித்தனோ விரைவில் மறைந்தது. ஆயினும் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளின் விடியலிலே கற்பிட்டிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அது காட்டுகிறது.

1848இல் இலங்கையிலே கத்தோலிக்க சபை தோன்றி வளர்ந்த விதத்தைப் பற்றியும் ஒரு வரலாற்றுச் சுருக்கம் எழுதினார். பெரும் ஆராய்ச்சி நூல்கள் பிற்காலத்தில் பல வந்துவிட்டன. எனினும் அந்தத் துறையில் முற்பட்டு உழைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

1859இல் தமிழ் புளூட்டாக் யாழ்ப்பாணத்தில் அச்சாகி வெளிவந்தது. புளூட்டாக் என்பவர் கிரேக்க, உரோமைப் பெரியோரின் வாழ்க்கையை எழுதிய பழைய ஆசிரியர். அவர் பெயரைத் தாங்கிய இந்நூலில் காசிச்செட்டி இருநூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் புலவர்களின் சரித்திரத்தைச் சுருங்கக் கூறினார். அது வரை புலவர் சரித்திரங்கள் செவிவழிக் கதைகளாகவும் தனிப்பாடல்களாகவும் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒரே நூலாகத் திரட்டியது பெருந்தொண்டு. பின்னர் 1886இல் சதாசிவம்பிள்ளை பாவலர் சரித்திர தீபகத்தை எழுதியபோது அவருக்கு இந்நூல் வழிகாட்டியாய் அமைந்தது.

நூல் வெளிவந்த அடுத்த ஆண்டு, 1860 நவம்பர் மாதம் 5ஆந் திகதி, காசிச்செட்டி காலமானார். அப்போது அவருக்கு வயது 53. தமிழரின் சாதிகள், வழக்கங்கள், இலக்கியம் ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதிய நூல் அச்சேறாமலே இருந்தது. அது புத்தகமாக வெளிவந்தது 1934இல். ஆசிரியர் மறைந்து 74 ஆண்டுகள் கழிந்த பின்னரே மக்கள் கையில் கிடைத்த நூல் அது.

நிறையும் குறையும்

பெரியவர்களுடைய வாழ்க்கையை எழுதும்போது குறையே சொல்லக்கூடாது என்பாரும் உளர். அது சரியன்று. காசிச்செட்டியின் எழுத்தில் இரண்டு குறைகளை நாம் காண வேண்டும். ஏனென்றால் அந்தக் குறைகளை நிரப்ப வேண்டியவர்கள் நாம்.

முதலாவது, தம் பெரு நூல்களை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். ஆள்வோர் படித்தார்கள். அறிஞர் படித்தார்கள். யாருடைய வழக்கத்தை எழுதினாரோ அந்த முக்குவரும் சோனகரும் பரவரும் அதைப் படிக்க முடியவில்லை. தங்களைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று அறியாமலும், அது தவறு என்று சொல்ல வழியில்லாமலும் அவர்கள் இருந்தார்கள். இது சிறிய காரியமன்று. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகரின் இனத் தோற்றத்தைப் பற்றி றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை வாசித்தார். அவர்கள் இனத்தால் தமிழரே என்பது அவருடைய வாதம். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அசீஸ் அதை மறுத்து நூல் வெளியிட்டார். சட்டநிரூபண சபையில் பிரதிநிதித்துவம் யாருக்கு என்ற அரசியல் கேள்வியும் அந்த விவாதத்திற்குள் இருந்தது. ஒரு சமூகத்தின் வழக்கத்தை ஏட்டில் எழுதுவது அச்சமூகத்தின் உரிமையையும் தொடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆகவே அயலாரைப் பற்றி எழுதுகிறவன் அயலாரிடம் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தத்தையும் ஏற்று எழுத வேண்டும்.

இரண்டாவது, அவர் முக்கியமாகப் பதிவு செய்தவை பெயர்கள், குலக்கதைகள், சடங்குகள், சட்ட வழக்கங்கள் முதலியன. பாட்டின் மெட்டும் குரலும் அவருடைய தாளில் அகப்படவில்லை. அதற்கு அவர்மேல் குற்றமில்லை. குரலைப் பதிவு செய்யும் கருவியை எடிசன் கண்டுபிடித்தது 1877இல்; காசிச்செட்டி இறந்து 17 ஆண்டுகளின் பின். இன்றோ அந்தக் கருவி ஒவ்வொரு வீட்டிலும் கைத்தொலைபேசியாக இருக்கிறது. அவருக்குக் கிடைக்காத வசதி நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் அவருக்கு இருந்த ஆவல் நமக்கு இருக்கிறதா?

நம் கண்முன் மறைவன

வாசகரே, இந்தக் கரையிலே இன்று என்ன நடக்கிறது என்று பாருங்கள். உடப்பிலும் அதன் அயலிலும் கரைவலை இழுக்கும் மீனவர் அம்பாப் பாட்டுப் பாடினார்கள். ஒருவர் முன்பாட்டுச் சொல்ல மற்றவர் பின்பாட்டுச் சொல்லி, கை ஒன்றாய் இழுக்க, கால் ஒன்றாய்ப் பின்வாங்க, அந்தப் பாட்டே அவர்களை ஒருங்கு சேர்த்தது. உழவு இயந்திரத்தைக் கொண்டு வலை இழுக்கத் தொடங்கிய இடங்களில் அத்தனை கைகள் தேவையில்லை. கைகள் இல்லாத இடத்தில் அம்பாவும் இல்லை. அந்தப் பாட்டை எவரும் தடைசெய்யவில்லை. அதற்கு வேலை இல்லாமற் போயிற்று.

சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரையுள்ள கரையோரத்தில் நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல ஒரு காலத்திலே வீட்டில் தமிழ் பேசின. பாடசாலை மொழி சிங்களமாயிற்று. பாட்டனாருக்குத் தமிழ், தகப்பனாருக்கு இரண்டு மொழி, பேரப்பிள்ளைக்குச் சிங்களம் மட்டும் என்று ஆயிற்று. சிங்களம் பேசுவது குற்றமன்று. அதுவும் இந்நாட்டின் மொழியே. 1705இல் இலங்கைக்கு வந்து, போலவத்தையில் 1742இல் உயிர்நீத்த சாங்கோபாங்க சுவாமியார், அதாவது யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், இரண்டு மொழியிலும் நூல்கள் இயற்றினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலங்களிலே தமிழில் ஓதப்பட்டு வந்தது. அதைக் கேட்டுக் கண்ணீர் விட்ட பாட்டியின் பேரப்பிள்ளைக்கு இன்று அதன் பொருள் விளங்காவிட்டால், அந்தப் பிள்ளைக்கு அதை எடுத்துச் சொல்பவர் யார்?

1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து குடியேறினார்கள். மன்னாரின் சொற்களையும் யாழ்ப்பாணத்தின் சொற்களையும் அவர்கள் தங்களோடு கொண்டு வந்தார்கள். அந்த மண்ணைக் கண்ட தலைமுறை முதுமை அடைந்துவிட்டது. அகதி முகாமில் பிறந்த பிள்ளைக்குப் பாட்டனாரின் ஊர் ஒரு கதை மட்டுமே. அந்தக் கதையும் எழுதப்படாவிட்டால் அதுவும் இல்லை.

காசிச்செட்டியின் சொந்தச் சமூகத்தையே பாருங்கள். செட்டிகளும் பரதரும் 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே தனித்தனிச் சமூகங்களாகக் கணக்கெடுக்கப்பட்டார்கள். ஆனால் அந்தக் குடும்பங்கள் பலவற்றில் தமிழ் வழக்கு ஒழிந்துவிட்டது. எண்ணிக்கை ஏட்டில் பெயர் இருக்கும். பாட்டும் பழமொழியும் அந்த ஏட்டில் இரா.

நாம் செய்யத் தக்கது

இதற்குப் பெரிய சங்கம் அமைக்க வேண்டியதில்லை. பெரும் பணமும் வேண்டியதில்லை. காசிச்செட்டிக்கும் உத்தியோகத்தின் மத்தியிலே கிடைத்த நேரமே இருந்தது. இந்த ஞாயிறு பூசை முடிந்தபின் வீட்டில் உள்ள முதியவரிடம் பிள்ளைகளை உட்காரச் செய்யுங்கள். தாலாட்டைப் பாடச் சொல்லுங்கள். ஒப்பாரி தெரிந்தால் அதையும் கேளுங்கள். வலை, வள்ளம், காற்று, மீன் ஆகியவற்றுக்கு அவர் சொல்லும் பெயர்களை அவர் சொன்னபடியே எழுதுங்கள். புத்தகத் தமிழாக்கித் திருத்த வேண்டாம். சொன்னவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்பதைக் கீழே குறியுங்கள். இவை இல்லாத குறிப்புக்குப் பிற்காலத்தில் மதிப்பு இல்லை. ஒரு பிரதியை முதியவர் வீட்டிலும், ஒரு பிரதியைப் பங்கு நூல்நிலையத்திலும், ஒரு பிரதியைப் பாடசாலையிலும் வையுங்கள்.

அதோடு நிற்க வேண்டாம். அயல் வீட்டு முஸ்லிம் தாயாரிடமும், உடப்பு இந்து மீனவரிடமும், சிங்களக் கிராமத்துப் பெரியவரிடமும், அவர்கள் விரும்பினால், கேட்டு எழுதுங்கள். எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். தன் குலத்தின் புகழை மட்டும் எழுதுகிறவன் அயலாரை அறிவதில்லை. காசிச்செட்டி செட்டி குலத்தில் பிறந்து, சோனகரையும் பரவரையும் முக்குவரையும் ரொடியரையும் பற்றி எழுதினார். அயலான் யார் என்று கேட்ட சட்ட வல்லுநனுக்கு ஆண்டவர் சமாரியனின் உவமையைச் சொன்னார் அல்லவா? அயலாரின் பாட்டைக் கேட்டு நினைவில் வைப்பதும் அயலானை நேசிப்பதன் ஒரு வகைதான்.

அடுத்த முறை தலவிலவுக்குப் போகும்போது கற்பிட்டி வரை ஒரு நடை போய் வாருங்கள். கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டி, இந்த ஊரில் பிறந்த ஒருவர் 27 வயதிலே ஒரு நாட்டின் ஊர்களையெல்லாம் ஒரு நூலில் அடக்கினார் என்று சொல்லுங்கள். திரும்பி வரும் வழியில், அவர்களுடைய பாட்டியார் பாடிய பாட்டில் எத்தனை அடி அவர்களுக்குத் தெரியும் என்று கேளுங்கள். ஒரு அடியும் தெரியாவிட்டால், பாட்டியார் உயிரோடிருக்கும்போதே வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுதுங்கள்.